வாங்காத வாடகைக்கு வரி

அரசு ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு ஏற்காட்டில் சொந்தமாக கிளினிக் தொடங்கியபோது, வருமான வரி என்பது சம்பளத்தில் பிடித்துக்கொள்ளப்படும் ஒன்று என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. என் கணவர் அங்கே ஒரு விடுதிப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். அவருக்கும் அப்படித்தான். மாதக் கடைசியில் கைக்கு வருவதை வாங்கிக்கொள்வார். வருவதற்கு முன் அதிலிருந்து என்ன போயிற்று என்று கேட்டதில்லை.

கிளினிக் ஆரம்பித்த மறுவருஷம் யாரோ சொல்லி சேலத்தில் ஒரு ஆடிட்டரைப் பார்க்கப் போனேன். கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் மாடியில் ஆபீஸ். மெலிந்த மனிதர், பேசும்போது நம்மைப் பார்க்கமாட்டார், மேஜைக் கண்ணாடியைப் பார்ப்பார்.

"உங்களுக்குப் புடிக்கிறதுக்கு ஆளில்லைங்க. நீங்களேதான் கட்டோணும். அதும் வருஷம் முடியறதுக்கு முன்னாடியே. மூணு தவணை. செப்டம்பர், டிசம்பர், மார்ச். மூணும் பதினஞ்சாந் தேதிக்குள்ள" என்றார்.

"எவ்வளவு கட்டணுங்க?"

"அது நீங்கதான் சொல்லோணும். இந்த வருஷம் எவ்வளவு வரும்னு ஒரு மதிப்புப் போட்டு, அதுக்கு உண்டான வரியக் கட்டோணும்."

"எத்தனை பேருக்குக் காய்ச்சல் வரும்னு நான் எப்படிங்க சொல்றது?"

அவர் இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. "போன வருஷம் எத்தனை பேருக்கு வந்துதோ, அத்தனை பேருக்கு இந்த வருஷமும் வரும்னு வச்சுக்குங்க. கூட வந்தா மார்ச்சுல சேத்துக் கட்டிரலாம். மதிப்பு முன்னப்பின்ன இருந்தாப் பாத்துக்கலாம். நாள் தப்பினாத்தான் வட்டி" என்றார்.

இன்னொன்றும் கேட்டேன். மாரமங்கலம் பக்கத்திலிருந்து நடந்து வருகிறவர்கள் பல பேர் பணமாகக் கொடுப்பதில்லை. மிளகு கொண்டுவருவார்கள். ஆரஞ்சு, பலா, சில சமயம் ஒரு படி ராகி. அதை என்ன செய்வது? ஆடிட்டர் கண்ணாடியைப் பார்த்தபடி கொஞ்சம் யோசித்தார். "விலை போட்டு எழுதிக்குங்க. அன்னைக்கு மொளகு என்ன விலைன்னு யாராவது கடைக்காரரைக் கேட்டா சொல்லிருவாங்க."

அதற்கு நான் தூரம் போகவேண்டியதில்லை. என் கிளினிக்கை ஒட்டிய கடையே மிளகு வாங்குகிற கடைதான். ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்திலிருந்து கொஞ்சம் மேலே, சாலையோரமாக ஒரே கூரையின் கீழ் இரண்டு இடங்கள். பெரியதில் மளிகை, தார்ப்பாய், மண்வெட்டி, கயிறு என்று எல்லாம் விற்கும் கடை. சின்னதில் நான். இரண்டும் ஒரே பாய்க்குச் சொந்தம். சேலத்திலிருந்து அவருடைய அப்பா காலத்தில் மலைக்கு வந்த குடும்பம். கனத்த உடம்பு, வெள்ளைச் சட்டை, கணக்கில் கறார். வாடகைக்கு இடம் கேட்டுப் போனபோது, "டாக்டரு பக்கத்துல இருந்தா நல்லதுதானுங்க, எங்கூட்லயே நாலு சீக்காளி இருக்குது" என்று சொல்லி, அதற்காக வாடகையில் எதுவும் குறைக்காமல் கொடுத்தார்.

மிளகு விலை கேட்கப்போன அன்றுதான் அவரும் அதே ஆடிட்டரிடம் கணக்குக் கொடுத்திருப்பது தெரிந்தது. "நீங்களும் அவருகிட்டத்தானுங்களா? நல்ல மனுசன். ஆனா ஒரு ரூவா மறைக்க விடமாட்டாரு" என்றார். குறையாகச் சொன்னாரா பாராட்டாகச் சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

முதல் சில வருஷங்கள் எங்களுக்குள் எந்தப் பிரச்சினையும் இல்லை. மாதம் பிறந்ததும் வாடகையை நானே கடையில் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் எண்ணிப் பார்த்துக் கல்லாவில் போட்டுக்கொள்வார். பிறகு சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைபார்த்துக்கொண்டிருந்த அவருடைய மகன் மலைக்குத் திரும்பி வந்தான். கல்யாணம் ஆகியிருந்தது. தனியாகக் கடை போடவேண்டும் என்றான். ஒருநாள் கடைசி நோயாளி போனபிறகு பாய் உள்ளே வந்து, வந்தவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க டாக்டரம்மா, ஒண்ணு கேக்கோணும். இந்த எடம் என்ற பையனுக்கு வேணுமுங்க."

"எப்போங்க?"

"சீசனுக்கு முன்னாடி ஆனா நல்லதுங்க. மேல வர்ற கூட்டமெல்லாம் மே மாசந்தானுங்க."

நான் ஒரு வருஷம் அவகாசம் கேட்டேன். தண்ணீர்க் குழாயும், நோயாளியைப் படுக்கவைத்துப் பார்க்க ஒரு தடுப்பும் உள்ள இடம் அந்தச் சாலையில் வேறு இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். நான் தேடிப் பார்க்கவில்லை என்று அவர் நினைத்தார். இரண்டு மாதம் இழுத்தது. மூன்றாவது மாதம் வாடகையை நீட்டியபோது, "வேண்டாமுங்க, எடத்தைக் குடுங்க போதும்" என்றார். மணியார்டர் அனுப்பினேன், திரும்பி வந்தது. அடுத்ததும் திரும்பி வந்தது. பிறகு வக்கீல் நோட்டீஸ். நானும் சேலத்தில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். அவர் சொன்னபடி மாதா மாதம் வாடகையைக் கோர்ட்டிலேயே கட்டத் தொடங்கினேன். பாய் போட்ட மனுவில் இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, மகனுடைய தொழிலுக்கு இடம் தேவை. மற்றொன்று, நான் வேண்டுமென்றே வாடகை பாக்கி வைக்கிறேன் என்பது. இரண்டாவதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. வக்கீல்கள் வழக்கமாக எழுதிச் சேர்ப்பது அது என்று என் வக்கீல் சொன்னார். அவரும் பதில் மனுவில் சில விஷயங்களை வழக்கமாக எழுதிச் சேர்த்தார்.

பேச்சு நின்றுபோயிற்று. நடுவில் ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் அவர் தராசில் படிக்கல் வைக்கும் சத்தம் எனக்குக் கேட்கும். இந்தப் பக்கம் ஊசிக்குக் குழந்தை அழுவது அவருக்குக் கேட்கும்.

ஆனால் அவருடைய மனைவி வருவதை நிறுத்தவில்லை. அந்த அம்மாளுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. நோட்டீஸ் வந்த வாரமே, முன்வாசல் வழியாக, எல்லோரும் பார்க்க, வந்து உட்கார்ந்தார். நான் கொஞ்சம் தயங்கியதைக் கவனித்திருக்கவேண்டும்.

"கேசு அவருக்கும் உங்களுக்குமுங்க. எனக்குச் சக்கரைதானுங்க" என்றார்.

ரத்த அழுத்தம் பார்த்தேன். காலில் புண் இருக்கிறதா என்று பார்த்தேன். ஃபீஸை அவர் எப்போதும் போல முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அந்த வருஷம் செப்டம்பர் பதினைந்தாம் தேதி காலை முதல் பஸ்ஸில் ஏறியபோது பாய் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அதற்கு முந்தின வருஷங்களிலும் அதே பஸ்ஸில்தான் போயிருந்தோம். அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை. கடைசி நாளில் போவதற்கு அவருக்கு ஒரு காரணம் உண்டு: கட்டவேண்டிய பணம் கடைசி நாள் வரை வியாபாரத்தில் புரளவேண்டும். எனக்கு அப்படி எதுவுமில்லை. ஆடிட்டர் ஆபீஸில் கணக்குத் தாள் கடைசி நாளுக்கு முன் தயாராகாது, அவ்வளவுதான். பஸ்ஸில் இடது பக்க இருக்கைகள் பெண்களுக்கு. நான் அங்கே உட்கார்ந்தேன். அவர் வலது பக்கம் எனக்கு ஒரு வரிசை பின்னால். வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் அவருடைய மஞ்சள் பை ஜன்னலோரம் நகர்வதும், அவர் இழுத்து மடியில் வைத்துக்கொள்வதும் ஓரக்கண்ணில் தெரிந்தது.

ஆடிட்டருக்குத்தான் சங்கடம். எங்கள் வழக்கு அவருக்குத் தெரியும். என் கணக்கில் வாடகை ஒரு செலவு. பாய் கணக்கில் அதே வாடகை ஒரு வரவு. இரண்டையும் அவரே எழுதவேண்டும். என்னை உள்ளறையில் உட்காரவைத்தார், பாயை வராந்தாவில். குமாஸ்தா இரண்டு இடத்துக்கும் போய்வந்தார். ஆனால் அந்த ஆபீஸின் சுவர் வெறும் பலகைத் தடுப்பு. பாயின் குரல் நன்றாகக் கேட்டது.

"நான் வாங்கவே இல்லீங்களே. அதுக்கு எப்படிங்க வரி?"

"வாங்கறீங்களோ வாங்கலியோ, உங்களுக்கு வரவேண்டிய வாடகைதானுங்க அது. கட்டடம் உங்களுது. வேண்டாம்னு சொன்னது நீங்க. வரி உண்டு."

"கோர்ட்டுல கெடக்குதுங்க."

"கோர்ட்டுல கெடந்தாலும் உங்க பணந்தானுங்க."

"எழுதுங்க" என்றார் பாய்.

வங்கியில் பணம் கட்டும் இடத்தில் பதினைந்தாம் தேதி என்றால் வரிசை வாசல் வரை நிற்கும். சேலத்து இரும்புக்கடைக்காரர்கள், வெள்ளிப் பட்டறைக்காரர்கள், ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் எல்லோரும் கையில் சலானோடு நிற்பார்கள். பெண்கள் யாரும் வருவதில்லை. அதனால் யாராவது ஒருவர், "அம்மா, நீங்க முன்னால போங்க" என்று வழிவிடுவார். நான் பத்து நிமிஷத்தில் முத்திரை குத்திய சலானோடு வெளியே வந்துவிடுவேன். பாய் வரிசையில் நடுவில் நின்று துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். அவருடைய சலானையும் சேர்த்துக் கட்டித் தரும்படி அவர் கேட்டிருந்தால் கட்டியிருப்பேன். அவர் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை.

பேச்சு மறுபடி தொடங்கியது திரும்பும் பஸ்ஸில்தான். அது டிசம்பரா மார்ச்சா என்று நினைவில்லை. அடிவாரம் தாண்டியதும் பின்னாலிருந்து, யாரிடமும் சொல்லாதது போல, "ஒரு நாயம் வேணாமுங்களா" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"உங்க வாடகைக்கு நான் வரி கட்டறனுங்க. வரி சர்க்காருக்குப் போயிருது. வாடகை கோர்ட்டுக்குப் போயிருது. எனக்கு என்னுங்க?"

"மாசா மாசம் மணியார்டர் அனுப்பினேன் பாய். திருப்பி அனுப்பினது நீங்கதானே."

"வாங்குனா கேசு நிக்காதுன்னு வக்கீல் சொன்னாருங்க."

"என் வக்கீல், கட்டலைன்னா கேசு நிக்காதுன்னு சொன்னார்."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ஆனால் அதன்பிறகு அந்தப் பஸ்ஸில் மட்டும் பேசுவது என்று ஆகிவிட்டது. மிளகு விலை, காபி விலை, ஆடிட்டரின் இருமல், மழை இந்த வருஷம் பிந்தியது. வழக்கைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. ஒண்டிக்கடையில் இறங்கியதும் அவர் அவர் வழி, நான் என் வழி. மறுநாள் காலை கடை திறக்கும்போது பார்த்துக்கொண்டாலும் தலையசைப்பதில்லை. என் கணவருக்கு இது விளங்கவில்லை. "பஸ்ல பேசற ஆளோட ரோட்ல ஏன் பேசறதில்ல?" என்று கேட்டார். பஸ்ஸில் நாங்கள் இருவரும் வரி கட்டப்போகிறவர்கள். ரோட்டில் வாதி, பிரதிவாதி. மலையில் மற்றவர்களுக்கு இந்தத் தேதிகள் எதுவுமில்லை. சம்பளக்காரர்களுக்குப் பிடித்துக்கொள்கிறார்கள். காபித் தோட்டக்காரர்களுக்கு வேறு வரி, வேறு ஆபீஸ். கொட்டச்சேட்டில் ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் என்னிடம் வைத்தியத்துக்கு வருவார், நான் வரி கட்டப் போவதால் கிளினிக் மூடியிருக்கும் என்று ஒருமுறை சொன்னபோது, "சம்பாரிக்கறதுக்கு முன்னாடியே கட்டறீங்களா?" என்று பரிதாபப்பட்டார்.

வழக்கின் மூன்றாவது வருஷம் டிசம்பரில் பெருமழை. பல நாட்களாக விடவில்லை. பதினைந்தாம் தேதி காலையில் கொஞ்சம் வெறித்திருந்தது. பஸ் ஓடும் என்றார்கள். நான் ஏறினேன்; பாயும் ஏறினார். மலைப்பாதையில் பாதி தூரம் இறங்கியதும் டிரைவர் வண்டியை நிறுத்தினார். முன்னால் மேட்டிலிருந்து மண்ணும் கல்லும் ஒரு மரமும் சேர்ந்து சாலையின் குறுக்கே இறங்கியிருந்தன. அந்தப் பக்கம் நெடுஞ்சாலைத் துறை ஆட்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். மாலைக்கு முன் வழி ஆகாது என்று கத்திச் சொன்னார்கள். கொட்டச்சேடு பக்கத்து வழியும் சேறாகக் கிடப்பதாகக் கண்டக்டர் சொன்னார். அவசரமாகப் போகவேண்டியவர்கள் இறங்கி, சரிவின் மேல் ஏறி அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். கீழிருந்து வந்து நின்ற லாரிகள் அவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பின.

என்னிடம் சேலம் வங்கியில் மாற்றக்கூடிய செக் இருந்தது. சலானோடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறையில் கைப்பைக்குள் வைத்திருந்தேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். பாய் எனக்கு முன்னால் இறங்கி, சரிவின் ஓரத்தில் காலை வைத்தார். கால் முழங்கால் வரை புதைந்தது. இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். ஒரு செருப்பு உள்ளேயே போய்விட்டது. அவர் வேறிடத்தில் முயன்றார். அங்கும் ஆகவில்லை. பஸ்ஸின் முன்சக்கரத்தில் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கினார்.

"நீங்க போறீங்களா டாக்டரம்மா?"

"போறேன் பாய்."

"என்னால ஆவாதுங்க."

அவர் சரிவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். சுற்றி வேறு யாராவது தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்றும் பார்த்தார். இருந்தவர்கள் எல்லோரும் மேலே சுற்றிப் பார்க்க வந்துவிட்டுத் திரும்புகிறவர்கள்.

"இதையும் சேத்துக் கட்டிர முடியுங்களா?"

"எண்ணிக் குடுங்க."

"எண்ணித்தான் வச்சிருக்கனுங்க."

"நீங்க எண்ணினது சரி. நான் எண்ணாம வாங்கமாட்டேன். கேசு நடக்குது."

பஸ்ஸுக்குள் ஏறினோம். இருக்கையில் துண்டை விரித்து, அவர் ஒருமுறை எண்ண, நான் ஒருமுறை எண்ணினேன். கண்டக்டரைக் கூப்பிட்டு நிற்கவைத்தேன். பாயின் சலானில் இருந்த தொகையை அவருக்குக் காட்டினேன். "நான் பாத்துக்கிட்டனுங்க, நீங்க கெளம்புங்க" என்றார் கண்டக்டர். பாயின் மஞ்சள் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். அதற்குள் மறுபடி தூறத் தொடங்கியிருந்தது.

சரிவைத் தாண்டியது பெரிய காரியமில்லை. எனக்கு எடை குறைவு. ஒரு தொழிலாளி கயிறு நீட்டினார். லாரியில் முன்னால் உட்காரவைத்தார்கள். அடிவாரத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்து வங்கிக்குப் போனபோது கவுன்டர் மூட இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. இடுப்பு வரை சேறு. வழக்கம் போல வழிவிட்டார்கள். அன்று பெண் என்பதற்காகவா சேற்றுக்காகவா தெரியாது. ஆடிட்டர் ஆபீஸுக்குப் போக நேரமில்லை. போன தவணையின்போது போட்ட மதிப்பே இரண்டு சலானிலும் இருந்தது, அது போதும்.

பாயின் சலானில் பணம் கட்டுபவர் கையெழுத்து என்று ஓர் இடம் உண்டு. அங்கே என் கையெழுத்தைப் போட்டேன். கோர்ட்டுக் காகிதங்களில் எங்கள் இரண்டு பெயருக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கும். இதில் இல்லை. அதைக் கவனித்தேன், அவ்வளவுதான், யோசிக்க நேரமில்லை. காசாளர் பாயின் நோட்டுகளில் இரண்டை ஒதுக்கித் தள்ளினார். கிழிந்தவை, செல்லாது. என் பர்ஸிலிருந்து எடுத்துப் போட்டேன். இரண்டு சலானிலும் அன்றைய தேதி முத்திரை விழுந்தது.

பாதை அன்று திறக்கவில்லை. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் என் அக்கா வீட்டில் குளித்து, அவளுடைய புடவையைக் கட்டிக்கொண்டு தங்கினேன். மறுநாள் சின்ன வண்டிகளை விட்டார்கள். ஒரு ஜீப்பில் மேலே வந்து, வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைக்குப் போனேன். வழக்குத் தொடங்கியபிறகு நான் அந்தக் கடைப் படியில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. மகன் கல்லாவில் இருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான், என்ன செய்வது என்று தெரியாமல். பாய் உள்ளே மூட்டைகளுக்கு நடுவிலிருந்து வந்தார். சலானின் அடிக்கட்டையைக் கொடுத்தேன். அவர் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தேதி சரியா இருக்குதுங்க."

"ரெண்டு நோட்டு கிழிஞ்சிருந்தது. மாத்திப் போட்டேன். இதோ."

அவர் கிழிந்த நோட்டுகளை வாங்கிக்கொண்டார். அன்று மாலையே அவருடைய மனைவி அதற்கு ஈடான பணத்தோடு கிளினிக்குக்கு வந்தார். "அவரு நேத்து ராத்திரி சோறே திங்கலீங்க. பணத்துக்காக இல்ல, நாள் தப்பிருமேன்னு" என்றார். அப்படித்தான் இருந்திருக்குமா, அந்த அம்மாள் மரியாதைக்காகச் சொன்னாரா என்று தெரியாது. நான் அவருடைய காலைப் பார்த்தேன். சுண்டுவிரலில் ஒரு சின்னப் புண் தொடங்கியிருந்தது.

ஜனவரியோ பிப்ரவரியோ, வழக்கில் பாயை விசாரித்தார்கள். நானும் கோர்ட்டில் இருந்தேன். அவர் கூண்டில் ஏறி, மகனுக்கு இடம் ஏன் தேவை என்று சொன்னார். அதில் ஏற்காட்டில் எனக்கு வேறு நல்ல இடங்கள் எத்தனையோ இருக்கின்றன என்று ஒரு வரி. அது உண்மையில்லை என்று அவருக்கும் எனக்கும் தெரியும். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அவருடைய வக்கீல் இரண்டாவது காரணத்துக்கு வந்தார். பிரதிவாதி வாடகையைத் தாமதமாகக் கொடுக்கும் வழக்கமுள்ளவர், அல்லவா?

பாய் "இல்லீங்க" என்றார்.

வக்கீல் கேள்வியை வேறு விதமாகக் கேட்டார்.

"தாமசம் எல்லாம் பண்ணலீங்க. அவங்க குடுத்தாங்க. நாந்தான் வாங்கல" என்றார் பாய்.

அவருடைய வக்கீலின் முகம் எப்படி ஆயிற்று என்று என் வக்கீல் பிறகு பல இடங்களில் நடித்துக் காட்டியதாகக் கேள்விப்பட்டேன். அந்தக் காரணம் அங்கேயே விழுந்தது. வெளியே வராந்தாவில் பாய் என்னைக் கடந்து போனபோது எங்கள் கண்கள் சந்திக்கவில்லை. அன்று பஸ்ஸில் அவர் வரவில்லை. சேலத்தில் சரக்கு எடுக்கவேண்டியிருந்தது.

தீர்ப்பு சில மாதங்களுக்குப் பிறகு வந்தது. வாடகை பாக்கி என்ற குற்றச்சாட்டு தள்ளுபடி. மகனுக்கு இடம் தேவை என்பது நிரூபணமாயிற்று. நான் காலி செய்யவேண்டும். அதற்கு அவகாசம் கொடுத்தார்கள். அப்பீல் போகலாம் என்றார் வக்கீல். என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்குப் போகத் தோன்றவில்லை. மகனுக்கு இடம் வேண்டும் என்பது உண்மைதான்; அதை நான் தினமும் சுவரின் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவனுக்கும் அப்பாவுக்கும் ஒரே கல்லாவில் ஒத்துப்போகவில்லை.

அடுத்த செப்டம்பர் பஸ்ஸில் பாய்தான் பேச்சைத் தொடங்கினார்.

"எடம் பாத்தாச்சுங்களா?"

"லேக் ரோட்டுக்கு மேல ஒண்ணு சொன்னாங்க. ஏத்தமா இருக்கு. தண்ணி இல்ல."

"கொழா நான் போட்டுத் தரச் சொல்றனுங்க. அந்த ஓனரு எனக்குத் தெரிஞ்சவருதான்."

சரி என்றேன். உண்மையிலேயே ஆள் அனுப்பிக் குழாய் போட்டுக்கொடுத்தார். அதற்கான செலவுச் சீட்டையும் என்னிடம் அனுப்பினார், நான் கொடுத்தேன். அவகாசம் முடிவதற்குள் சாமான்களை மாற்றினோம். பாயின் கடை ஆட்களே பரிசோதனை மேஜையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

கோர்ட்டில் கிடந்த வாடகை மொத்தமும் அவருக்கு வந்து சேர்ந்தது. அந்த டிசம்பரில் ஆடிட்டர் ஆபீஸில் நாங்கள் இருவரும் வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தோம். இப்போது பிரித்து உட்காரவைக்கக் காரணமில்லை. இதையும் மதிப்பில் சேர்க்கவேண்டுமா என்று பாய் கேட்டார். வேண்டியதில்லை, வருஷா வருஷம் இதற்கு வரி கட்டியாகிவிட்டது என்றார் ஆடிட்டர். பாய் என் பக்கம் திரும்பி, "அப்பவே கட்டுனது நல்லதாப் போச்சுங்க" என்றார். அவர் திருப்தியாகச் சொல்லி நான் கேட்ட ஒரு சில வாக்கியங்களில் அது ஒன்று.

என் மதிப்புதான் அந்த வருஷம் தப்பிப்போனது. புது இடம் ஏற்றத்தில் இருக்கிறது, ஆட்கள் வரமாட்டார்கள் என்று நினைத்துக் குறைத்துப் போட்டிருந்தேன். வந்தார்கள். மாரமங்கலத்தில் வயிற்றுப்போக்கு வேறு பரவியது. மார்ச்சில் விட்டதையெல்லாம் சேர்த்துக் கட்டினேன். அந்தப் பணம் எதனால் வந்தது என்று நினைக்க எனக்கு அவ்வளவு நன்றாக இல்லை.

மகன் அந்த இடத்தில் செருப்புக்கடை வைத்தான். நன்றாகவே நடந்தது. பாயின் மனைவி ஏற்றம் ஏறி மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தார். பிறகு ஏற முடியாமல் போனபோது மதியம் சாப்பிட்டபின் நான் அவருடைய வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அந்தக் காலைக் காப்பாற்ற முடியவில்லை, சேலத்தில் எடுத்தார்கள். அதன்பின் இரண்டு வருஷம் இருந்தார்.

ஆடிட்டர் ஆபீஸில் பின்னர் ஓர் ஏற்பாடு செய்தார்கள். தொகையை டெலிபோனில் சொல்வார்கள். செக் அனுப்பிவிட்டால் அவர்களுடைய ஆளே வங்கியில் கட்டி, அடிக்கட்டையைத் தபாலில் அனுப்பிவிடுவார். எனக்கு அது சௌகரியமாக இருந்தது. கிளினிக்கை மூடவேண்டியதில்லை. பாய் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. முன்பின் தெரியாத ஆள் கையில் எப்படிக் கொடுப்பது என்றாராம். தொண்ணூறுகளின் நடுவில் மகளுடைய வீட்டுக்கு, சேலத்துக்கே குடிபோகும் வரை, வருஷத்தில் மூன்று நாள் காலை முதல் பஸ்ஸில் அவர் போய்க்கொண்டிருந்தார் என்று அவருடைய மகன் ஒருமுறை சொன்னான். அவன் குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்திருந்தான்.

"நீங்க எப்படிக் கட்டறீங்க?" என்று கேட்டேன்.

"எனக்கு வேற ஆடிட்டருங்க" என்றான். குழந்தையைத் திருப்பிப் பிடித்தான். நான் ஊசியைப் போட்டேன்.